பதினாலு மாடிக்கு டோலி

பழனி அடிவாரத்தில் திருநீறும் சந்தன வில்லையும் விற்கிற கடைகள் வரிசையாக உண்டு. அவற்றில் வாய்க்குப் பேர்போன கடை சிவபாக்கியத்தின் கடை. பொய்யாகச் சிரித்து ஆளைக் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "திருநீறு நல்லா மணக்குமாம்மா?" என்று கேட்ட கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம், "பூசிக்கத்தான் விக்கிறேனுங்க, மோந்து பாக்க இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். அப்படியும் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் ஒவ்வொரு கிருத்திகைக்கும் அவள் கடையைத் தேடித்தான் வந்தார். அவளுக்கு வாய்தான் காரம், கை தாராளம் என்று ஊருக்குத் தெரியும்.

அவள் பிறந்தது மேலே, வடகவுஞ்சியில். உள்ளிப்பூண்டு விளைகிற காட்டுக்காரர் வீடு. பதினேழு வயதில் பொன்னுவேலுக்கு வாக்கப்பட்டு, ஒற்றையடிப் பாதையில் நடந்தே பழனிக்கு இறங்கி வந்தாள். பொன்னுவேல் டோலி தூக்குகிறவன். மலைக்கோயிலுக்குப் படியேற முடியாத வயசாளிகளையும் நோயாளிகளையும், மூங்கில் கழியில் கட்டின நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தோளில் சுமந்து போவார்கள். அறுநூறு படிக்கு மேல் இருக்கிறது. ஏற்றுவதைவிட இறக்குவது கஷ்டம் என்பது தூக்கிப் பழகாதவர்களுக்குத் தெரியாது. பொன்னுவேல் இறக்குவதில் கெட்டிக்காரன். "நான் தூக்கினா ஏறி உக்காந்தவுக தலையில செம்புத் தண்ணி வச்சாலும் சிந்தாது" என்பான். பெருமைதான், ஆனால் பொய் இல்லை.

சாயங்காலம் அவன் வந்து முதுகைக் காட்டி உட்காருவான். வலத் தோளில் ஒரு கை அகலத்துக்குத் தோல் காய்த்துப்போய், தொட்டால் மரப்பட்டையைத் தொட்ட மாதிரி இருக்கும். வேப்பெண்ணெயைச் சுடவைத்து அவள் தேய்த்துவிடுவாள். கல்யாணமான புதிதில் அந்தத் தோளைப் பார்த்து அழுதிருக்கிறாள். பிறகு அழ நேரமில்லை, பிள்ளை பிறந்துவிட்டது. கந்தம்மாள், ஒரே பிள்ளை.

ஐம்பத்தொன்றாம் வருசத் தைப்பூசத்தன்று, பொன்னுவேல் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு போகையில், பாதி மலையில் இடும்பன் சன்னதிக்கு முன்னால், "கொஞ்சம் எறக்குவோமப்பா" என்றான். நாலு பேரும் இறக்கினார்கள். நாற்காலி தரையைத் தொட்டது பெரியவருக்குக்கூடத் தெரியவில்லை, அத்தனை பக்குவம். பிறகு பொன்னுவேல் படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தைந்து. இரண்டு மலையைக் காவடி கட்டிச் சுமந்தவன் இடும்பன்; அவன் வாசலில் போனானே என்று ஊர் பெருமையாகச் சொன்னது. சிவபாக்கியத்துக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. சுமந்தவனுக்குக் கோயில் கட்டுவார்களே தவிரச் சுமையைக் குறைக்க மாட்டார்கள் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாள். என்ன வந்தாலும் கந்தம்மாளை டோலி தூக்குகிறவனுக்குக் கொடுப்பதில்லை. தூக்குகிறவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை. அவளுக்குத் தெரிந்த நல்லவர்களில் பாதிப் பேர் தூக்குகிறவர்கள்தான். இன்னொரு தோளுக்கு எண்ணெய் தேய்க்க மகள் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். அதோடு இன்னொன்றும்: தனக்கு எத்தனை வயதானாலும், கால் விழுந்தாலும், டோலியில் ஏறுவதில்லை.

கந்தம்மாளுக்குப் பதினெட்டு வயதானபோது மாப்பிள்ளை கொண்டுவந்தவர் ஒன்றுவிட்ட அண்ணன் சுவாமிநாதன். பையன் பெயர் வேலுமணி, ஆயக்குடிக்காரன், மெட்ராசில் வேலை.

"என்ன வேலைண்ணே?"

"லிப்டு."

"அது கவர்மெண்டா?"

"கவர்மெண்டு மாதிரித்தான். காக்கி உடுப்பு, பித்தளைப் பொத்தான். மவுண்ட் ரோட்டுல புதுசா பதினாலு மாடி கட்டியிருக்காகல்ல, எல்.ஐ.சி. கட்டடம், அதுலதான்."

ரெவின்யூ, போலீசு மாதிரி லிப்டும் ஒரு இலாகா போலிருக்கிறது என்று சிவபாக்கியம் நினைத்துக்கொண்டாள். சுவாமிநாதனும் அதற்குமேல் விளக்கவில்லை. அவருக்கே அது சரியாகத் தெரியாது என்பது என் சந்தேகம். கல்யாணம் நடந்தது, பெண் மெட்ராசு போனாள்.

வினை வந்தது கடிதத்தில். சிவபாக்கியத்துக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்துக் கடைக் குருநாதன்தான் வாசித்துக் காட்டுவார். அறுபத்தொன்றாம் வருசம் பங்குனியில் வந்த கடிதத்தில் கந்தம்மாள் எழுதியிருந்தாள்: "அவுகளுக்கு ஆளுகளை ஏத்தி இறக்குகிற வேலை. காலையில் போனால் சாயங்காலம் வரைக்கும் ஏத்தி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியது. பெரிய பெரிய ஆபீசர்கள்கூட இவுக ஏத்திவிட்டால்தான் மேலே போக முடியும். வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிறார்."

குருநாதன் கடிதத்தைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வேறு ஊராக இருந்தால் ஏத்தி இறக்குகிற சோலி என்பதற்கு ஆயிரம் அர்த்தம் சொல்லலாம். பழனி அடிவாரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஏமாத்திப்புட்டாகண்ணே" என்றாள் சிவபாக்கியம்.

"டோலின்னு எழுதலையே, தாயி."

"எம் மக எழுதுவாளா அத? நான் தாங்க மாட்டேன்னுதான் பூசி மெழுகியிருக்கா. பதினாலு மாடிண்ணே. இங்கயாச்சும் காத்தாட மலை. அங்க செவத்துக்குள்ள தூக்கணும்."

குருநாதன் யோசித்தார். மனிதர் நியாயஸ்தர். மெட்ராசில் ஆபீசர்கள் படியேற மாட்டார்கள்தான், யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும் என்று அவருக்கும் பட்டது.

சித்திரை பிறந்ததும் கடையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் ரயிலேறினாள். நோக்கம் ஒன்றுதான். மாப்பிள்ளை அந்த வேலையை விட்டுவிட்டுப் பழனிக்கு வந்து கடையில் உட்கார வேண்டும். வர மறுத்தால் மகளையாவது கூட்டி வந்துவிட வேண்டும். மூட்டையில் ஒரு புட்டி வேப்பெண்ணெய் இருந்தது. ஒரு கம்பளியும் இருந்தது.

"மெட்ராசு வெக்கையில கம்பளியா?" என்று குருநாதன் கேட்டதற்கு, "மெட்ராசு கீழதான கெடக்கு. கட்டடம் மேலயில்ல நிக்குது" என்றாள். பழனியில் வேர்க்கும், வடகவுஞ்சியில் போர்த்த வேண்டும், அதற்கும் மேலே கோடைக்கானலில் போர்த்தினாலும் பல் கிட்டும். ஒசரம் என்றால் குளிர் என்பதற்கு அவளுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

எழும்பூரில் வந்து அழைத்துப்போனவள் கந்தம்மாள். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடித்தனம். பெண் நன்றாகத்தான் இருந்தாள், கன்னம்கூடப் பூசினாற்போல் இருந்தது. சிவபாக்கியம் அதை நம்பவில்லை.

"மாப்பிள்ளைக்குத் தோளு எப்படிடி இருக்கு?"

"தோளா? தோளுக்கென்ன? காலுதான் வலிங்கறாக."

தோள் காய்த்துவிட்டால் வலி தெரியாது, அப்புறம் காலில்தான் இறங்கும். பொன்னுவேலுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எதையும் நேரில் பார்த்துவிட்டுப் பேசுவது என்று வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்காக, ஆத்தா. ஆபீசர்கிட்டக் கேட்டு மொட்டை மாடி வரைக்கும் காட்டுறாகளாம். அவுக ஏத்துறத நீ பாத்தா அசந்துருவ."

பெருமையாகச் சொல்கிறாளே பாவி மகள் என்று சிவபாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு இருவரும் நடந்தே போனார்கள். மவுண்ட் ரோட்டில் திரும்பியதும் கந்தம்மாள் கையை நீட்டவே வேண்டியிருக்கவில்லை. நடைபாதையில் பத்துப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் துண்டு நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றார்.

சிவபாக்கியமும் அண்ணாந்தாள். கோபமாக வந்தவள்தான். ஆனால் கண் என்பது கோபத்துக்குக் கட்டுப்பட்டது இல்லையே. மேலே போகப் போகக் குறுகுவது கோபுரம். இது குறுகவே இல்லை. கீழே என்ன அகலமோ அதே அகலத்தில் வானத்துக்குள் போயிருந்தது. ஒரு பொம்மை இல்லை, ஒரு பூவேலை இல்லை, வெறும் நேர்கோடும் கண்ணாடியும். அலங்காரமே இல்லாமல் ஒன்று இத்தனை அழகாக இருக்க முடியும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சுற்றிலும் இருந்த பழைய கடைகளும் தூண்களும் அதன் முழங்காலுக்குக்கூட வரவில்லை. கழுத்து வலிக்கும் மட்டும் பார்த்தாள். கட்டினவன் கை நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். உடனே, இதன் உச்சி வரைக்கும் தூக்க வேண்டுமே என்ற நினைப்பு வந்தது.

உள்ளே பளபளவென்று தரை. ஒரு சின்ன அறையின் வாசலில் காக்கி உடுப்பில் வேலுமணி நின்றான். டோலியை வைக்கிற அறையாக இருக்கும் என்று அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"வாங்கத்தை. வாங்க, நானே ஏத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம் மாப்பிள்ளை. எனக்குக் காலு இருக்கு."

"பதினாலு மாடிங்கத்தை."

"அறுநூறு படி ஏறினவ நான். உங்களுக்கு அந்தப் பாவம் வேண்டாம். படி எங்க இருக்கு?"

அவன் திகைத்துப்போய்க் கையைக் காட்டினான். அதற்குள் நாலு குமாஸ்தாக்கள் வந்து நிற்க, அவனுக்குப் பேச நேரமில்லை.

"நீ நடந்து வா, ஆத்தா. நான் இவுக கூட ஏறி வாரேன்" என்றாள் கந்தம்மாள்.

சிவபாக்கியம் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டின புருசன் தோளிலா? வாயைத் திறந்தால் அந்த இடம் சந்தையாகிவிடும் என்று படியைப் பார்த்து நடந்தாள். பழக்கதோஷம், முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இறங்கி வந்த ஒருவர் சற்று ஒதுங்கி நின்று, தானும் ஒருமுறை அந்தப் படியை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. பழனிக் கல்படி ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. இங்கே எல்லாம் ஒரே அளவு. கால் தானாகவே எழும்பியது. ஏறுகிறவனை நினைத்து எவனோ படி போட்டிருக்கிறான். முதல் மாடித் திருப்பம் தாண்டி, இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள்.

திருப்பம் சின்னது. சுவருக்குச் சுவர் பார்த்தாள். கைகளை விரித்து அளந்தாள். டோலிக் கழி இரண்டு ஆள் நீளம். முன்னால் இருவர், பின்னால் இருவர். முன்னால் போகிறவன் திரும்புவதற்குள் பின்கழி சுவரில் இடிக்கும். கழியைத் தலைக்குமேல் தூக்கினாலும் திரும்பாது. பொன்னுவேலே வந்தாலும் இந்த இடத்தில் டோலியைத் திருப்ப முடியாது. பதினேழு வருசம் டோலி தூக்கினவன் பெண்டாட்டிக்கு இது தெரியாமல் போகுமா?

அப்படியானால் எப்படித்தான் தூக்குகிறார்கள்?

மூன்றாம் மாடியில் அவள் தலையை நீட்டியபோது, எதிரே சுவரில் ஒரு கதவு திறந்தது. உள்ளே வேலுமணி. பக்கத்தில் கந்தம்மாள், கையை ஆட்டினாள். பின்னால் அந்த நாலு குமாஸ்தாக்கள். கதவு மூடியது. ஐந்தாம் மாடிக்கு அவள் வரும்போது, அதேபோல் ஒரு கதவு திறந்து அதே வேலுமணி நின்றான். இந்த முறை உள்ளே வேறு ஆட்கள், அதில் ஒருவர் பழனி டோலிக்காரர்கள் பார்த்தாலே ஒதுங்கிக்கொள்கிற உடம்பு. சிவபாக்கியம் மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு புடைக்கவில்லை. நெற்றியைப் பார்த்தாள். ஒரு பொட்டு வேர்வை இல்லை. பித்தளைப் பொத்தான்கள் வரிசை குலையாமல் இருந்தன.

ஆறாம் மாடியில் அவள் படியை விட்டு, அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கதவு திறந்தது. ஆட்கள் இறங்கிப் போனார்கள். உள்ளே அவனும் கந்தம்மாளும் மட்டும்.

"மாப்பிள்ளை, இது என்ன ரூமு?"

"ரூமு இல்லத்தை. இதான் லிப்டு. இதுதான் மேலயும் கீழயும் போகுது."

"யாரு தூக்குறா?"

"கரண்டு."

"உங்க தோளு?"

"தோளுக்கு இங்க சோலியே இல்லத்தை. இந்தப் பிடிய இப்படித் திருப்பணும், அவ்வளவுதான்."

சிவபாக்கியம் பிடியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"அப்ப காலு வலிக்குதுன்னு எழுதினயேடி?"

"காலைல இருந்து நின்னுக்கிட்டே இருந்தா வலிக்காதா, ஆத்தா?"

அவள் கம்பளியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் டோலின்னு நெனச்சிட்டேன்" என்றாள் மெதுவாக. "சோலிய விட்டுட்டு எங்கூட வந்துருங்கன்னு சொல்லத்தான் வந்தேன், மாப்பிள்ளை. நீங்க வராட்டி இவளக் கூட்டிட்டுப் போயிரணும்னு வந்தேன்."

கந்தம்மாள் சிரிக்க வாயெடுத்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்பாவின் தோளுக்கு எண்ணெய் தேய்க்க விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவளும்தானே. வேலுமணி ஒதுங்கி, மாமியாருக்கு இடம் விட்டு நின்றான். அவள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

பெட்டி எழும்பியபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். காது அடைத்தது போலிருந்தது. குலுங்குமா என்று காத்திருந்தாள், குலுங்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்து கதவு திறந்தபோதுதான், போய்ச் சேர்ந்தது தெரிந்தது.

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. கம்பளி தோற்றுப்போனதை அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "மார்கழியில குளிரும்" என்றாள். பிறகு அதை மடித்துத் தரையில் போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சூட்டில் அது அதற்குத்தான் உதவியது. நகரம் முழுக்க மரமும் ஓடுமாகக் கீழே கிடந்தது. பஸ்கள் நகர்வது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கிழக்கே ஒரு நீலக் கோடு.

"அது என்ன மாப்பிள்ளை, மலையா?"

"கடலுங்கத்தை."

அவள் கடலைப் பார்த்ததே இல்லை. அதற்காக ஓடிப்போய்ப் பார்க்கவும் இல்லை. அவள் கண் இந்தக் கட்டடத்தைவிட்டு நகரவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவினாள், தட்டிப் பார்த்தாள், காதை வைத்துக்கூடக் கேட்டாள். "கட்டுறப்ப கல்லும் சிமிட்டியும் இம்புட்டு ஒசரத்துக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். கொஞ்சம் மெஷினிலும் கொஞ்சம் தலைச்சுமையிலும் வந்திருக்கும் என்றான் வேலுமணி. அவள் தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் தூக்குகிறவர் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகினவள். ஆனால் இந்தக் கல்லைச் சுமந்தவர்கள் தூக்கியது ஒரு தடவை. அதற்கப்புறம் இங்கே எவனும் எவனையும் தூக்க வேண்டியதில்லை. இது அவளுக்குக் கோபுரத்தைவிடப் பெரிதாகப் பட்டது. அப்படி நினைப்பது தப்போ என்று தெற்கே திரும்பி ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டாள்.

"சோலிய விட்டுறாதீங்க, மாப்பிள்ளை" என்றாள்.

"இல்லத்தை."

"வேப்பெண்ணெய் கொண்டாந்திருக்கேன். காலுக்குத் தேச்சுக்கலாம்."

ஆபீஸ் விடுகிற நேரம் வந்தது. வேலுமணி வேலைக்குப் போய், ஆட்களையெல்லாம் இறக்கி முடித்துவிட்டு, கடைசியாக வந்து இவர்களைக் கூட்டிப்போனான். பெட்டி இறங்கும்போது சிவபாக்கியம் சுவரைப் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கீழே வந்து கதவு திறந்தது. கந்தம்மாள் வெளியே போனாள். சிவபாக்கியம் நகரவில்லை.

"வாங்கத்தை, தரைக்கு வந்தாச்சு."

"உங்க மாமா பதினேழு வருசம் தூக்கினாரு" என்றாள் அவள். "எத்தனை பேருன்னு அவருக்கே தெரியாது. அவர நாலு பேரு தூக்கினது ஒரே ஒரு தடவை. அது அவருக்குத் தெரியாமயே போச்சு."

வேலுமணி பிடியில் கையை வைத்தபடி நின்றான். முடிந்துவிட்டதா, இன்னும் ஏதாவது சொல்வாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தடவை மேல ஏத்துங்க, மாப்பிள்ளை" என்றாள். "மொத ஏறினது எனக்கு. இது அவருக்கு."

அவன் கதவைச் சாத்தினான்.